மூடத் தெரிந்த காது

மலைக்காரர்களுக்கு ஒரு கோளாறு உண்டு. அதைக் கோளாறு என்று நாங்கள் சொல்வதில்லை. கீழே இறங்கினாலும் காது அடைக்கும், திரும்பி ஏறினாலும் அடைக்கும். பஸ்ஸில் வரும் எங்கள் ஊர், பெரும்பாறை ஆள் யாரையாவது கவனித்துப் பாருங்கள். பேசிக்கொண்டே வருவார், நடுவில் வாயைப் பிளந்து ஒரு கொட்டாவி விடுவார், எச்சிலை விழுங்குவார், மூக்கைப் பிடித்துக்கொண்டு ஊதுவார், பிறகு விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடருவார். எதிர் சீட்டில் இருப்பவரும் அதையேதான் செய்துகொண்டிருப்பார். "காது அடைச்சிருக்கு" என்று சொன்னால் எங்கள் ஊரில் ஒருத்தரும் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்கள். காதுக்கு வரக்கூடிய ஒரே கெடுதி அதுதான் என்று நினைத்தே வளர்ந்துவிட்டோம். அந்த ஒரு சொல்லால் நான் பட்ட பாடுதான் இது.

நான் கொடைக்கானலில் ஒரு கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுக்கிறேன். வௌவாலின் காதுதான் என் ஆராய்ச்சி. "இதுக்குப் போயி இம்புட்டுப் படிப்பா" என்று அம்மா இன்றைக்கும் கேட்பாள். ஆரம்பித்து வைத்ததே அவளுடைய காபிக் குடோன்தான் என்பது அவளுக்கு உறைக்காது. பெரும்பாறையில் எங்களுக்குக் கொஞ்சம் காபியும் மிளகும் நாலைந்து ஆரஞ்சு மரமும் உண்டு. குடோனின் பின்னறைக் கூரையில் வௌவால்கள் தொங்கும். மூக்கின் மேல் குதிரை லாடத்தை ஒட்டவைத்த மாதிரி ஒரு தோல் மடிப்பு, தலைக்குப் பொருந்தாத பெரிய காது. டார்ச் அடித்தால் அந்தக் காது மடலுக்குள் ஓடும் ரத்தக் குழாய்கூடத் தெரியும், அவ்வளவு மெல்லிசு. அது தொய்ந்து விழாமல் தாங்குவது உள்ளே இருக்கும் குருத்தெலும்பு. நம் காதை மடக்கினால் வளைந்து கொடுத்துவிட்டுத் திரும்ப நிமிர்கிறதே, அதே சாமான்தான். அதைச் சுற்றி நூல் நூலாகத் தசைகள். ஒரு காது முன்னால் போகும்போது மற்றது பின்னால் போகும், ஓயவே ஓயாது. அந்தத் தசைகள் நம் தலையிலும் இருக்கின்றன, வேலைவெட்டி இல்லாமல் கிடக்கின்றன.

ஆனால் என்னைப் பிடித்து ஆட்டியது வெளியே தெரியும் காது இல்லை. உள்ளே, செவிப்பறைக்குப் பின்னால், அங்கவடி என்று ஒரு எலும்பு இருக்கிறது. குதிரைக்காரன் கால் வைக்கும் வளையத்தின் வடிவம். அதைப் பிடித்து இழுக்க ஒரு தசை. வௌவால் இருட்டில் வழி பார்ப்பதே கத்திக் கத்தித்தான். அது கத்துவது நமக்குக் கேட்பதில்லை, அதனால் மெதுவாகக் கத்துகிறது என்று நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் அது போடும் கூச்சல் அதன் காதையே கெடுத்துவிடும். கெடுப்பதில்லை. வாய் திறப்பதற்கு ஒரு இம்மி முன்னால் அந்தத் தசை எலும்பை இழுத்துப் பிடித்துக் காதை அடக்கிவிடும். கத்தி முடித்ததும் விட்டுவிடும், சுவரில் பட்டுத் திரும்பி வரும் மெல்லிய எதிரொலியைக் கேட்கவேண்டுமே. நொடிக்குள் எத்தனையோ தடவை இது நடக்கிறது. முதன்முதலில் படித்தபோது எனக்கு நம்பிக்கை வரவில்லை. பிறகு குடோனில் தானாகச் செத்து விழுந்தவற்றை எடுத்துவந்து நுண்ணோக்கியில் வைத்துப் பிரித்துப் பார்த்தேன். ஒரு தூசியைப் போலக் கிடந்தது அந்தத் தசை. நமக்கும் அது உண்டு, இன்னும் சோம்பேறியாக. நாம் பேச வாயெடுக்கும்போது அதுவும் கொஞ்சம் இழுத்துப் பிடிக்கத்தான் செய்கிறது. இதை வருஷாவருஷம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன், என் தலைக்குள்ளும் ஒன்று இருக்கிறது என்று ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை.

என் தொண்டை குடும்பத்தில் பேர்போனது. வகுப்பில் மைக் கேட்டதில்லை. கோபம் வந்தால் பக்கத்துத் தோட்டத்து நாய் எழுந்து உட்காரும். என் வீட்டுக்காரருக்கு ஒட்டன்சத்திரத்தில் காய்கறி மண்டி. காலை முழுவதும் ஊரே கேட்கத் தக்காளியை ஏலம் கூவிவிட்டு, வீட்டுக்கு வந்தால் வாயில் கொழுக்கட்டை. "இருக்கிற சத்தத்தையெல்லாம் அங்கயே வித்துட்டு வந்துருவீங்களா" என்று கேட்டால் அதற்கும் பதில் வராது. இந்தச் சத்தத்துக்கும் அந்த அமைதிக்கும் நடுவில், கல்யாணமாகி வெகுகாலம் கழித்து, "விசேஷம் உண்டா" என்று எல்லோரும் கேட்பதை நிறுத்திய பிறகு, ஒரு பெண் குழந்தை பிறந்தது. அவள் பிறந்ததும் போட்ட அலறலைக் கேட்டு நர்ஸ், "அம்மா தொண்டை அப்படியே இருக்குங்க" என்று சிரித்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

பேறுகாலத்துக்குப் பெரும்பாறையில் அம்மா வீடு. பிள்ளை பெற்றவளின் காதில் பஞ்சு வைத்துத் தலையில் துணி கட்டிவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். காற்று ஏறிவிடக் கூடாது. நான் வைக்க விடமாட்டேன் என்று சண்டை பிடித்தேன். காதுக்குள் செவிப்பறை அடைத்துக்கொண்டு நிற்கிறது, காற்று எந்த வழியாக ஏறும் என்று படம் போட்டுக் காட்டினேன். "படத்துல காத்து வராது, இங்க வரும்" என்றாள் அம்மா. பஞ்சை வைத்துவிட்டாள்.

குழந்தைக்கு மஞ்சள் காமாலை இறங்கிவிட்டதா என்று பார்க்க ஒருநாள் திண்டுக்கல் போய்த் திரும்பினோம். ஜீப் மலையேறும்போது இடது காதில் என்னவோ சரியில்லை. காதுக்குப் பின்னால் எலும்பில் ஒரு வலி. வளைவில் அடித்த ஹாரன் விசித்திரமாக, உள்ளே வந்து விழுவதுபோல் இருந்தது. எனக்கு அதைச் சொல்ல இருந்தது ஒரே சொல். "அம்மா, காது அடைச்சிருக்கு" என்றேன்.

"எச்சில முழுங்கு" என்றாள்.

விழுங்கினேன். கொட்டாவி விட்டேன். மூக்கைப் பிடித்து ஊதினேன். அம்மா பஞ்சை எடுத்துவிட்டு இன்னும் கொஞ்சம் பெரிதாக வைத்தாள். வௌவால் காதில் பட்டம் வாங்கியவள், என் காதைப் பற்றி யோசித்தது அவ்வளவுதான்.

மறுநாள் வெள்ளனே எழுந்து வாய் கொப்பளித்தேன். தண்ணீர் இடது ஓரமாக வழிந்து கழுத்துக்கு இறங்கியது. துடைத்துவிட்டு இன்னொரு மடக்கு. அதுவும் வழிந்தது. கண்ணில் தண்ணீர் பட்டது, இடது கண் மூடவில்லை. மூடு என்று சொல்கிறேன், மூடவில்லை. கண்ணாடியில் பார்த்தேன். வலது பக்கம் நான் இருந்தேன். இடது பக்கம் எனக்கு அறிமுகமில்லாத ஒருத்தியின் பாதி முகம், தோல் மட்டும் ஒட்டியிருந்தது. கத்த வேண்டும் என்று வாயைத் திறந்தேன், பாதி வாய்தான் திறந்தது. அதைப் பார்த்ததும் கத்துவதற்கும் பயமாகிவிட்டது.

அம்மா வந்து பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். "காத்தடிச்சிருச்சு, நான் சொன்னேனே, காத்தடிச்சிருச்சு." பிறகு பக்கவாதமோ என்று தோன்றியிருக்க வேண்டும், முகம் வெளுத்துப்போய் என் இடது கையைப் பிடித்து, "தூக்கு புள்ள, தூக்கு பாப்போம்" என்றாள். தூக்கினேன். காலையும் தூக்கச் சொன்னாள், தூக்கினேன். அதற்குள் போன் செய்து இவரை வரச்சொல்லியாகிவிட்டது. ஏலத்தைப் பாதியில் விட்டுவிட்டு மண்டிச் சட்டையோடு வந்தார். என்னைப் பார்த்தார். எங்கள் மூன்று பேரையும் வண்டியில் ஏற்றினார். 

திண்டுக்கல்லில் ஒரு டாக்டரம்மா புருவத்தைத் தூக்கச் சொன்னார், கன்னத்தை உப்பச் சொன்னார். "ஸ்ட்ரோக் இல்லம்மா, பயப்படாதீங்க. முக நரம்பு வீங்கியிருக்கு. பிள்ள பெத்தவங்களுக்குச் சில நேரம் வரும்" என்றார். அப்புறம்தான் கேட்டார், "நேத்து, முந்தாநாள் காதுல ஏதாச்சும் தெரிஞ்சுச்சா?"

"காது அடைச்சிருந்துச்சு."

"அடைச்சிருந்துச்சா? இல்ல சத்தம் ஜாஸ்தியாக் கேட்டுச்சா?"

 அவர் எழுந்துவந்து என் தலைத் துணியை விலக்கி இடது காதின் பஞ்சை எடுத்தார். கதவுக்கு வெளியே அம்மாவின் கையில் குழந்தை அழ ஆரம்பித்தாள்.

அது அழுகையாகக் கேட்கவில்லை. காதுக்குள் ஆணி இறங்கியது. நான் "ஐயோ" என்று கத்தினேன், என் குரலே அதே காதில் வந்து அறைந்தது, கத்தியதற்காகவே இன்னொரு தரம் வலித்தது. இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு மேசைமேல் கவிழ்ந்துவிட்டேன். அந்த நிலையில், சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அந்தத் தூசி அளவுத் தசை. அதற்கும் இந்த முகத்துக்கும் ஒரே நரம்பு. முகம் செத்தபோது அதுவும் செத்திருக்கிறது. என் காது அடைக்கவே இல்லை. அடைக்கத் தெரியாமல் போயிருந்தது. நான் நேற்றிலிருந்து அதைத் திறக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பழையபடி திரும்ப வருமா?" என்று கேட்டேன். மெதுவாகத்தான் கேட்டேன், அதுவும் இடித்தது.

"மாத்திரை ஆரம்பிச்சிருவோம். பெரும்பாலும் வந்துரும். எவ்வளவு வரும்னு நரம்புதான் சொல்லணும்" என்றார்.

முகம் கோணியதைப் பற்றி ஊரெல்லாம் வந்து விசாரித்தார்கள். அது எனக்குப் பெரிதாகவே படவில்லை. என் பயம் வேறு. வேண்டி வேண்டிப் பெற்ற பிள்ளையின் அழுகைக்கு நான் பயந்தேன். குழந்தை அழுதால் தாய்க்கு மார் சுரக்கும். எனக்கும் சுரந்தது, அதே நொடியில் கை காதைப் பொத்தப் போனது. அவள் உதடு பிதுங்கும்போதே என் உடம்பு விறைத்துவிடும். தொட்டிலுக்கு நாலடி தள்ளி நின்றுகொண்டு, அம்மா வந்து தூக்கட்டும் என்று காத்திருந்திருக்கிறேன். பால் கொடுக்க இடது பக்கம் போட்டால் அவள் வாய் என் இடது காதுக்கு நேரே வரும் என்பதால் வலது பக்கத்திலேயே போட்டேன். இது இப்படியே நின்றுவிட்டால் இவளை எப்படி வளர்ப்பேன்?

அம்மா பஞ்சை இன்னும் நன்றாக உருட்டி வைத்தாள். அது எடுபட்டது. செத்த தசை செய்யவேண்டிய வேலையை ஒரு உருண்டைப் பஞ்சு செய்தது. "காத்து ஏறாம இருக்கா?" என்று கேட்பாள். நான் ஆமென்று தலையாட்டுவேன். காரணம் தப்பு, காரியம் சரி. வாதாடுவதற்குக் குரல் வேண்டும், குரல் எடுத்தால் எனக்கே வலிக்கும்.

ஆகவே வீடு அமைதியாகிவிட்டது. நான் குசுகுசுவென்றுதான் பேசினேன். இவர் வாரக் கடைசியில் வந்து இரண்டு நாள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கிளம்பும்போது தயங்கித் தயங்கி, "எம்மேல எதுவும் கோவமா?" என்றார்.

"இல்லையே, ஏன்?"

"சத்தமே போடல. கோவம்னா சத்தம் போடுவ, தெரியும். இது என்னான்னு புடிபடல." பாவம், அவருக்குக் கண் கலங்கியிருந்தது.

ஒரு சாயங்காலம் குடோனுக்குப் போனேன். பஞ்சை எடுத்துவிட்டுக் கூரையைப் பார்த்து நின்றேன். காது இப்படித் திறந்து கிடக்கிறதே, அவை கத்துவது ஒருவேளை கேட்குமோ என்று ஒரு நப்பாசை. படித்தவளுக்கு வரக்கூடாத ஆசைதான். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டது என் மூச்சு மட்டும். அவை ஒவ்வொன்றாகப் பறந்து வெளியே போயின, காதுகள் முன்னும் பின்னும் ஆடின. எனக்குக் கேட்காத ஒவ்வொரு கத்தலுக்கும் உள்ளே அந்தத் தசை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தது. எனக்குப் பொறாமையாக இருந்தது. ஒரு வௌவாலைப் பார்த்துப் பொறாமைப்படும் நாள் வரும் என்று யாராவது முன்பு சொல்லியிருந்தால் அவரைக் கேலி செய்தே கொன்றிருப்பேன்.

முகத்துக்கும் காதுக்கும் ஏன் ஒரே நரம்பு என்று வகுப்பில் நான் சொல்வதுண்டு. நம் முன்னோர் மீனாக இருந்த காலத்தில் செவுளைத் தாங்கியது ஒரு வளைவு. அந்த வளைவின் சாமான்களைத்தான் பிற்பாடு வந்த உயிர்கள் பங்குபோட்டுக்கொண்டன. கொஞ்சம் அங்கவடி எலும்பானது, கொஞ்சம் அதை இழுக்கும் தசையானது, மிச்சம் உதடும் கன்னமும் கண்ணிமையும் அசைக்கும் தசைகளானது. காதின் மடலை ஆட்டும் தசைகளும் அதே கூட்டம்தான். வௌவால் அந்தச் சொத்தையெல்லாம் காதில் போட்டது. நாம் முகத்தில் போட்டோம், சிரிக்கவும் அழவும் முறைக்கவும். கூட்டுக் குடும்பம் பிரிந்தாலும் கிணறு ஒன்றே என்பதுபோல் நரம்பு மட்டும் பொதுவாக நின்றுவிட்டது. இதைச் சொல்லும்போது பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள்.

மாத்திரை முடிந்து, வாரங்கள் போய், ஒருநாள் இடது உதட்டோரம் துடித்தது. பிறகு கண் மூடியது. பிறகு குழந்தை காதருகே அழுதாள், நான் அவளைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே அடுப்பில் பால் பொங்குகிறது என்று அம்மாவைப் பார்த்துக் கத்தினேன். கத்திய பிறகுதான் உறைத்தது, எதுவும் வலிக்கவில்லை. அம்மா பாலை விட்டுவிட்டு ஓடிவந்தாள். "இன்னொருக்கா கத்து புள்ள" என்றாள். கத்தினேன். இரண்டு பேரும் அழுதோம். பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்துவிட்டது. குழந்தையை இடது பக்கம் மாற்றிப் போட்டுக்கொண்டு அன்று முழுவதும் கீழே விடவில்லை.

இத்தோடு முடிந்திருந்தால் நல்ல கதை.

குழந்தைக்கு ஐந்தாவது மாதம், நாங்கள் இன்னும் அம்மா வீட்டில்தான். இவருக்குக் காதை ஆட்டத் தெரியும். சிலருக்கு மட்டும் வாய்க்கும் பழைய வித்தை, என்னிடம் காட்டவே கல்யாணமாகி வெகுநாள் எடுத்துக்கொண்டார். அன்று குழந்தைக்கு முன்னால் உட்கார்ந்து, முகத்தில் ஒரு அசைவும் இல்லாமல் இரண்டு காதையும் ஆட்டினார். அவள் பார்த்தாள். அதுவரை முகம் மலர்வதோடு நிறுத்திக்கொண்டிருந்தவள், வாய்விட்டு, வயிறு குலுங்க, முதல்முறையாகச் சிரித்தாள். நானும் சிரித்தேன். இடது காதுக்குள் தடதடவென்று ஏதோ உருண்டது, அவள் சிரிப்பு அந்தப் பக்கம் மங்கிப்போய்விட்டது. திடுக்கிட்டு என் சிரிப்பு நின்றது. உடனே காது திறந்தது, அவள் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள். மறுபடி சிரித்தேன். மறுபடி உருண்டது, மங்கியது.

டாக்டரம்மா சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. வெட்டுப்பட்ட கொடி திரும்பத் தழைக்கும்போது பக்கத்துப் பந்தலிலும் ஏறிவிடுவதுபோல், உதட்டுக்குப் போகவேண்டிய நரம்பில் ஒரு இழை வழி தவறிக் காதுத் தசைக்குள் போயிருக்கிறது. உதடு விரிந்தால் அந்தத் தசையும் இழுக்கிறது. சிரித்தால் என் இடது காது மூடிக்கொள்ளும். "வலது காதுல கேக்குதுல்ல, அப்புறம் என்ன" என்று அம்மா தேற்றினாள். கேட்கிறதுதான். ஆனால் இந்தக் காதுக்காகத்தான் நான் தொட்டிலுக்கு நாலடி தள்ளி நின்றேன். அவள் அழுகையை முழுக்க வாங்கியது இந்தக் காதுதான். சிரிப்பு மட்டும் அதற்குக் கிடையாது என்றால் எனக்கு ஆறவில்லை.

முகத்தை இறுக்கிக்கொண்டு கேட்டுப் பார்த்தேன். அசையாத என் முகத்தைக் கண்டதும் அவள் சிரிப்பு அடங்கிவிட்டது. உதடு பிதுங்கியது. சிரித்துத்தான் தீரவேண்டியிருந்தது. சிரித்தேன், அவளும் சிரித்தாள், காது மூடிக்கொண்டது.

இவர் அதை போனில் பதிந்துகொண்டு வந்தார். "இத யாரும் இல்லாதப்ப தனியாக் கேளு. மூஞ்சிய உர்ருன்னு வச்சுக்க, ஒனக்கு அது வராததா" என்றார். அவரைப் பொறுத்தவரை அது நீண்ட பேச்சு.

மத்தியானம் குழந்தை தூங்கியதும் காபி காயப்போடும் களத்துக்குப் போனேன். போனை இடது காதில் வைத்துக்கொண்டேன். உதட்டைக் கடித்துக்கொண்டேன், போதாதென்று இடது கன்னத்தைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். முதலில் இவர் தொண்டையைச் செருமுவது கேட்டது. பிறகு குழந்தையின் மூச்சு, துல்லியமாக, பக்கத்தில் இருப்பதுபோல். பிறகு சிரிப்பு தொடங்கியது. என் கைக்கு அடியில் கன்னம் தானாக ஏறியது. திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். அந்தச் சிரிப்பின் முதல் துளி எனக்கு மனப்பாடம். அதற்குப் பிறகு வருவதை என் இடது காது இன்றுவரை சரியாகக் கேட்டதில்லை.